ஒளித்து வைத்த தட்டுகள்

என் அண்ணியின் பெயரை ஒரு கிருமிக்கு வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். அம்மா பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டுக்காரி, மீட்டர் பார்க்க வந்தவர் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஆனந்தக் கண்ணீர்" என்று அம்மா எல்லோருக்கும் விளக்கம் வேறு கொடுத்தாள். ஆனந்தமாவது கண்ணீராவது! அண்ணிக்குக் கோபம் வந்தால் முதலில் கண்தான் சிவக்கும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கே சில வருடங்கள் பிடித்தன.

நான் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். நுண்ணுயிரியலைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஒரு யோக்கியதையும் இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி தினமும் வேலை முடிந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவாள். சொன்னதெல்லாம் எனக்குள் இருக்கிறது. நாத்தனார் அண்ணிக்கு வக்காலத்து வாங்குவது அதிசயமாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "கிருமியத் தொட்ட கையோட அடுப்படிக்கு வருவியா?" என்பதுதான்.

"அத்தை, நான் கை கழுவுற மாதிரி நீங்க கழுவினா இந்த வீட்ல பாதி வியாதி வராது" என்றாள் அண்ணி.

அம்மா அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாப்பிடவும் இல்லை. மறுநாளிலிருந்து நகக்கண்வரை தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து.

அண்ணி வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். பெயர்தான் பெரிது. ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன ஒரு நீள அறை, அதில் நான்கைந்து மேஜைகள், மூலையில் கதவு சரியாக மூடாத ஒரு இன்குபேட்டர். கிருமி வளர்க்கும் தட்டுகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி அது. மூடாத கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு ஸ்டூல். வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் தயவு பண்ணிப் புதுப்பிப்பார்கள். குழந்தை பிறந்தபோது ஒப்பந்தம் "முடிந்தது", பால் மறக்கடித்த பிறகு மறுபடி "தொடங்கியது". இடையில் இருந்த மாதங்களில் அண்ணி அந்தக் கூடத்தைப் பொறுத்தவரை உயிரோடு இல்லை.

துறைத்தலைவரை நாங்கள் வீட்டில் கோட்டு சார் என்போம். வெள்ளைக் கோட்டைக் கழற்றவே மாட்டார். கழற்ற அவசியமும் இல்லை, அதில் ஒரு பொட்டுக் கறை விழுந்தால்தானே? தட்டைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ! அண்ணியின் கோட்டில் சாயக்கறை திட்டுத்திட்டாக இருக்கும். ஊரில் உள்ள முகங்களையெல்லாம் ப்ளீச் பண்ணுகிற என்னாலேயே அதைப் போக்க முடியவில்லை.

சாயக்கறை ஏன் என்றால், அதுதான் அவளுடைய வேலை. ஊருக்கு வெளியே துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகள் இருந்தன. அவற்றின் கழிவு ஓடும் வாய்க்கால் ஒரு நாள் நீலமாக இருக்கும், ஒரு நாள் சிவப்பாக இருக்கும். அந்தச் சாயத்தையே தின்று வாழும் கிருமி ஏதாவது அந்தச் சேற்றில் இருக்கிறதா என்று தேட வேண்டும். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பாட்டிலில் பிடித்து வருவது அண்ணி. அதைச் சாயம் கலந்த தட்டில் தடவி வளர்ப்பதும் அண்ணி. வளர்ந்ததைப் பற்றிப் பேசுவது கோட்டு சாரும், அவருடைய அக்கா மகனும். இந்த மருமகன் அங்கே நிரந்தர விஞ்ஞானி. எல்லோரும் முதுகுக்குப் பின்னால் "மாப்பிள்ளை" என்பார்கள்.

அங்கே ஒரு விதி இருந்தது. தட்டுகளை இரண்டு நாள் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் ஆட்டோகிளேவில் போட்டு, அதாவது ஆளுயரக் குக்கர் போல ஒன்றில் வைத்து, ஆவியில் வேகவைத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இடம் பற்றாது, நாற்றம் தாங்காது என்பதால் வந்த விதி. யாரும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. அண்ணி யோசித்தாள்.

"சாயத்தத் தின்னு வளர்றதுன்னா லேசுப்பட்ட காரியமா பாப்பா?" என்றாள் ஒரு நாள். எனக்கு இவ்வளவு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். "அது மெதுவாத்தான் வளரும். ரெண்டு நாள்ல வளர்றதெல்லாம் வேற எதையோ தின்னு வளர்றது. நாங்க எதத் தேடுறமோ அத நாங்களே வாராவாரம் வேகவச்சுக் கொன்னுட்டிருக்கோம்."

"அத உங்க கோட்டு சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'நீங்க தட்டத் தயார் பண்ணுங்கம்மா, யோசிக்கிறத நாங்க பாத்துக்கறோம்'னு சொல்றார்."

நானாக இருந்தால் அங்கேயே கத்தித் தீர்த்திருப்பேன். அண்ணி என்னைப்போல் கத்துகிற ரகம் இல்லை. சில தட்டுகளை மட்டும் அழிக்காமல் எடுத்து, ஓரத்தில் நாடா சுற்றி, இன்குபேட்டரின் அடித்தட்டில், கடைசியில், உடைந்த தெர்மாமீட்டர்கள் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தட்டு காய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஸ்டூலை நகர்த்திவிட்டு, தரையில் படுக்காத குறையாகக் குனிந்து பார்ப்பாள். வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள், நீலத் தட்டில் குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி. அதைச் சுற்றி நீலம் போய், தண்ணீர் போலத் தெளிவாக ஒரு வளையம். சாயம் தின்னப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அவளைவிட இரண்டு மடங்கு கனம். இடுப்புப் பிடித்துக்கொண்டு மறுநாள் விடுப்பு எடுத்தாள்.

அதை எப்படிச் சொல்வது, எந்த நேரம் பார்த்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மாட்டிக்கொண்டாள். இன்குபேட்டர் கதவைச் சரிசெய்ய ஆள் வந்தான். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினார்கள். மாப்பிள்ளை பழைய தேதி போட்ட தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே மாமாவிடம் போனான். கோட்டு சார் அறைக்கு வந்து வெளுத்து வாங்கினார். விதி தெரியுமா, சுத்தம் தெரியுமா, இதுதான் நீங்கள் வேலை பார்க்கிற லட்சணமா என்று.

அண்ணி சொன்னாள்: "மறந்துட்டேன் சார். குழந்தைக்குக் காய்ச்சல். ஞாபகமே இல்ல."

குழந்தை அந்த வாரம் முழுக்க எங்கள் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தது. "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னேதான் வச்சேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. குழந்தைக்குக் காய்ச்சல், மறந்துட்டேன்னா, 'பொம்பளைங்கன்னாலே இப்படித்தான்'னு திட்டிட்டு விட்டுடுவாங்க. எந்தப் பேச்சு அங்க எடுபடும்னு எனக்குத் தெரியும் பாப்பா."

எடுபட்டது. கோட்டு சார் "குடும்பம், குழந்தைன்னா இப்படித்தான்" என்று சிரித்தும்விட்டார். சிரித்துக்கொண்டே தட்டை வெளிச்சத்தில் பிடித்தவருக்கு அந்த வளையம் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது.

அதன்பிறகு நடந்த வேலையைக் கேளுங்கள். அந்தக் கிருமியைத் தனியாகப் பிரிக்க வேண்டும், எதைத் தின்கிறது, எந்தச் சூட்டில் வாழ்கிறது, உலகத்தில் ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஓர் இனம்தானா இது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். புது இனம் என்று நிரூபிக்க வருடங்கள் ஆயின. அத்தனையும் அண்ணி. அது ஒரு அடம்பிடித்த கிருமி. குறித்த நாளில் புதுத் தட்டுக்கு மாற்றாவிட்டால் செத்துப்போகும். விடுமுறை நாளிலும் போய் மாற்றிவிட்டு வருவாள். "உன் செல்லத்துக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான். குழந்தையின் பள்ளிக்கூட விழா, என் பார்லர் திறப்பு, எல்லாவற்றுக்கும் அண்ணி பாதியில்தான் வந்து சேர்ந்தாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஏனென்றால் என்ன கிடைக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கூடத்தில் நிரந்தர விஞ்ஞானி பதவி ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மனுப்போட, புதுக் கண்டுபிடிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. அண்ணிக்கு அது கடைசி வாய்ப்பு. "கட்டுரையில உங்க பேருதாம்மா முதல்ல" என்று கோட்டு சார் வாயாரச் சொல்லியிருந்தார். ஒருமுறை இல்லை, தட்டில் புதிதாக ஏதாவது தெரிந்தபோதெல்லாம் சொன்னார்.

கட்டுரை தயாரானது. முதல் பெயர் மாப்பிள்ளையுடையது. இரண்டாவது கோட்டு சார். அண்ணியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் போய்க் கேட்டாள். அவர் ஏதோ பரிசு கொடுப்பவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம்.

"அத விடப் பெருசா ஒண்ணு செஞ்சிருக்கேம்மா. அந்த பாக்டீரியாவுக்கே உங்க பேரத்தான் வைக்கப்போறோம். நீங்க செத்தாலும் உங்க பேரு சாகாது."

"சந்தோஷம் சார். ஆனா கட்டுரையில?"

"அதெப்படிம்மா? தன் பேர தானே வச்சுக்கறது நம்ம துறையில வழக்கம் இல்லையே. உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையில உங்க பேரு இருந்தா, கிருமிக்கு வைக்க முடியாது. அசிங்கமாப் போயிடும்."

இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது உண்மைதானாம். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அவர்களுக்குள் மரியாதைக்குறைவு. தன்னடக்கத்துக்காக வந்த வழக்கம். அதை எடுத்து, ஒரு பெண்ணை அவளுடைய வேலையிலிருந்தே கிளப்பும் நெம்புகோலாக ஆக்க அந்தக் கோட்டுக்குள் இருக்கிற மூளையால்தான் முடியும். காதில் பூ சுற்றுவதிலும் இது ஒரு உயர்ந்த ரகம்.

இதுதான் இனிப்புப் பெட்டி வந்த அன்று நடந்தது. அண்ணன் ஒரு துண்டை அண்ணியின் வாயருகே கொண்டுபோனான். அவள் தள்ளிவிட்டாள்.

"என்னம்மா நீ? எத்தன பேருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்?"

"உங்களுக்கு வரவேண்டிய ப்ரமோஷன வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டு, டிப்போவுல ஓடுற ஒரு பஸ்ஸுக்கு உங்க பேர எழுதறேன்னா ஒத்துக்குவீங்களா?"

அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். துண்டை வாயில் போட்டுக்கொள்ளவும் முடியாமல் பெட்டியில் வைக்கவும் முடியாமல் நின்றான். "பஸ்ஸுன்னாலும் பரவால்ல. இது கிருமி" என்று நான் சேர்த்துக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

கண்டுபிடிப்பை அறிவிக்க ஒரு விழா வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். ஏசி அறை, மெத்தை நாற்காலிகள், மேடையில் பூங்கொத்துகள். அண்ணிக்கு மேடையில் இடம் இல்லை, எங்களோடு மூன்றாவது வரிசை. கோட்டு சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். விஞ்ஞானத்தில் தற்செயல் எவ்வளவு பெரியது என்று ஆரம்பித்து, தன் கூடத்தில் இருக்கும் ஒரு சகோதரியின் கதைக்கு வந்தார்.

"குழந்தைக்குக் காய்ச்சல். தாய் மனசு தவிக்குது. அந்தத் தவிப்புல தட்டுகள அழிக்க மறந்துட்டாங்க. அந்த மறதி இல்லேன்னா இந்தக் கண்டுபிடிப்பு இல்ல. ஒரு தாயோட மறதி உலகத்துக்குக் கொடுத்த பரிசு இது!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கால் சேறு எங்கே போயிற்று? ஒளித்து வைத்த மூளை எங்கே போயிற்று? விடுமுறை நாளில் போய்த் தட்டு மாற்றிய வருடங்கள் எங்கே போயின? ஒரு மறதிக்குள் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டார். அம்மா வேறு என் காதில் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "குழந்தைக்கு எப்படி அப்ப காய்ச்சல்? நல்லாத்தானே இருந்துச்சு!"

அண்ணியை இரண்டு வார்த்தை நன்றி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். பூங்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை மேஜைமேல் வைத்தாள். நான் அவள் கண்ணைத்தான் பார்த்தேன்.

"என் மாமியார் சொல்றதுதான் சரி. குழந்தைக்குக் காய்ச்சல் இல்ல" என்றாள். சிலர் சிரித்தார்கள். "நான் மறக்கவும் இல்ல. மெதுவா வளர்ற கிருமிய ரெண்டு நாள்ல அழிச்சிடறோம்னு சார்கிட்ட சொன்னேன். கேக்கல. அதனால ஒளிச்சு வச்சேன். மாட்டினப்ப மறந்துட்டேன்னு சொன்னேன், ஏன்னா மறக்கிற பொம்பளைக்கு இங்க மன்னிப்பு உண்டு. என் பேரக் கிருமிக்கு வைக்க வேணாம். கட்டுரையில வைங்க. அது என் வேலை."

அவ்வளவுதான். இறங்கி வந்து உட்கார்ந்தாள். கோட்டு சார் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெண், பின்வரிசையிலிருந்து, ஒற்றை ஆளாகக் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே மெமோ வந்தது. ஆய்வுக்கூட விதியைத் தெரிந்தே மீறியதாகப் பொதுமேடையில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. இதே தட்டுகள்தான். மறந்தேன் என்று அவள் சொன்ன வரைக்கும் அது பரிசு. யோசித்தேன் என்று சொன்னதும் அது குற்றம்.

கோட்டு சார் அவளைக் கூப்பிட்டுக் கனிவாகப் பேசினாராம். "ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டீங்க, புரியுது. 'மறதியால் நேர்ந்தது, மேடையில் தவறாகச் சொல்லிவிட்டேன்'னு பதில் எழுதிக் குடுங்க. மெமோவ நானே கிழிச்சுப் போட்டுடறேன். ஒப்பந்தமும் தொடரும். கிருமிக்கு உங்க பேரும் வரும்."

அண்ணி மெமோவை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அண்ணன் படித்தான். "ஒரு வரிதானே? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஏற்கெனவே ஒரு தடவ சொன்ன பொய்தானே" என்றான். நல்லவன்தான், பயந்தவன்.

"அப்ப சொன்னது தட்டக் காப்பாத்த" என்றாள் அண்ணி. "இப்ப எழுதினா யாரக் காப்பாத்துறதாம்?"

"வேலைய!"

"எந்த வேலையங்க? அங்க நான் செஞ்ச வேலைதான் மறதின்னு ஆயிடுச்சே."

அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் எழுந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கிற என் பேத்திக்குக் காய்ச்சல்னு எழுதிக் கையெழுத்துப் போடறதெல்லாம் வேணாம்" என்றாள். அண்ணன் மெமோவை அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தான்.

அண்ணி பதிலை அந்த மேஜையிலேயே எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கோரும் பதில் போலவே இல்லை. என்ன நினைத்தாள், ஏன் நினைத்தாள், எந்த வாய்க்காலில் எந்த இடத்தில் சேறு எடுத்தாள், தட்டை எப்படி மூடினாள், எந்தச் சூட்டில் வைத்தாள், எப்போது புள்ளி தெரிந்தது, வளையம் எப்படிப் பெரிதானது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "இத்தட்டுகள் மறதியால் வைக்கப்பட்டவை அல்ல. சாயத்தை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர் இரண்டு நாளில் வளராது என்று நான் கருதியதால் வைக்கப்பட்டவை. நான் கருதியது சரி." கீழே முழுப்பெயரும் கையெழுத்தும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விதிமீறலைச் செய்தவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதால் என்று காரணம் காட்டினார்கள். பதவிக்கு மனுப்போடும் வயது அந்த வருடத்தோடு முடிந்தது. அந்தப் பதவியில் இப்போது மாப்பிள்ளையின் மனைவி இருக்கிறாள் என்று கேள்வி. அண்ணி ஒரு பால் நிறுவனத்தில் பால் கெட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறாள். கெட்டிக்காரியாகத்தான் சொல்கிறாள்.

கட்டுரை வெளிவந்தது. கிருமிக்குக் கோட்டு சாருடைய ஆசிரியர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அண்ணியின் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை. இல்லாமல் போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. அந்தக் கூடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. அந்தக் கிருமி எப்படிக் கிடைத்தது என்பதை, அதைக் கண்டுபிடித்தவள் தன் பெயர் போட்டு எழுதிய ஒரே கட்டுரை அதற்குள்தான் இருக்கிறது.